நெல்லை மேயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வாத்தியார் வேலை பார்த்த காலத்தில் பல தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வேலைக்குப் போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தேர்தல் பேச்சு வந்துவிட்டால் தெருவில் உள்ளவர்கள் என்னிடம்தான் கேட்க வருகிறார்கள். நெல்லை மாநகராட்சியின் இப்போதைய மாமன்றம், அதாவது கவுன்சிலர்கள் அவை, 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது. அதன் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

மேயருக்கு எந்தப் பட்டனை அமுக்கணும் சார்?

எந்தப் பட்டனும் இல்லை. 2022 பிப்ரவரி 19-ல் நாம் வாக்குச்சாவடிக்குப் போனபோது இயந்திரத்தில் இருந்தவை நம் வார்டில் கவுன்சிலருக்கு நின்றவர்களின் பெயர்களும் சின்னங்களும்தான். நெல்லை மாநகராட்சியில் 55 வார்டுகள். அந்த 55 பேரும் கூடி, தங்களில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். ஆக, மேயர் தேர்தலில் ஓட்டுரிமை உள்ளவர்கள் 55 பேர் மட்டுமே. எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும்கூட அதில் ஓட்டுக் கிடையாது.

முன்னால ரெண்டு ஓட்டுப் போட்ட ஞாபகம் இருக்கே?

சரியான ஞாபகம்தான். 2011-ல் மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டுப் போட்டோம். அதற்கு முன் 1996-லும் 2001-லும் மேயரை நேரடியாகத்தான் தேர்ந்தெடுத்தோம். நடுவில் 2006-ல் மட்டும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

2011-க்குப் பிறகு நடந்தது ஊஞ்சல் ஆட்டம். 2016-ல் மறைமுகத் தேர்தல் என்று சட்டத்தை மாற்றினார்கள். அந்தத் தேர்தலே நடக்காமல் போனது. 2018-ல் மறுபடி நேரடித் தேர்தல் என்றார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் திரும்பவும் மறைமுகம் ஆக்கினார்கள். 2022-ல் நடந்தது அந்த முறைப்படிதான். 2016, 2018, 2019 மூன்று மாற்றங்களும் ஒரே கட்சியின் ஆட்சியில் வந்தவை. அடுத்து வந்த கட்சி, முறையை மாற்றாமல் அப்படியே தேர்தலை நடத்திக்கொண்டது. இந்த விஷயத்தில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாநகராட்சி எல்லையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் ஊராட்சி வந்துவிடும். அங்கே ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. சில ஆயிரம் பேர் உள்ள ஊருக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மக்களுக்கு விவரம் போதும், 2011 கணக்கெடுப்பிலேயே 4.73 லட்சம் பேர் இருந்த நகரத்துக்கு மட்டும் போதாது என்பது என்ன கணக்கோ!

கவுன்சிலர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள்? கை தூக்கியா?

இல்லை, வாக்குச்சீட்டில், ரகசியமாக. மாநகராட்சிக் கமிஷனர்தான் தேர்தலை நடத்தும் அலுவலர். அன்று காலையில் மனு வாங்குவார்கள். ஒரே ஒரு மனு வந்தால் போட்டியின்றித் தேர்வு. இரண்டு வந்தால் அங்கேயே ஓட்டெடுப்பு, அங்கேயே எண்ணிக்கை. அரைமணி, ஒருமணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். 2022 மார்ச் 4-ம் தேதி காலையில் மேயர், மதியத்துக்கு மேல் துணை மேயர் என்று ஒரே நாளில் இரண்டையும் முடித்தார்கள். அன்று நெல்லை மேயரானவர் தி.மு.க.வின் பி.எம். சரவணன், துணை மேயர் கே.ஆர். ராஜு.

மேயராக நிற்பவர் கண்டிப்பாகக் கவுன்சிலராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியாது.

2024-ல மேயர் மாறினாரே, அப்ப ஏன் நமக்கு ஓட்டு வரல?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மறைமுகத் தேர்தல் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2022 தேர்தலில் 55 வார்டுகளில் 51 தி.மு.க. கூட்டணிக்கு, 4 அ.தி.மு.க.வுக்கு. இவ்வளவு பெரிய பலம் இருந்தால் ஐந்து வருஷமும் அலுங்காமல் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சண்டை சொந்த வீட்டுக்குள்ளேயே வந்தது. மேயருக்கும் ஆளும் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. மாமன்றக் கூட்டம் என்றாலே கூச்சல், வெளிநடப்பு, கூட்டம் ஒத்திவைப்பு. கடைசியில் கவுன்சிலர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கமிஷனரிடம் கொடுத்தார்கள்.

2024 ஜனவரி 12-ம் தேதி ஓட்டெடுப்பு. மாமன்ற அரங்கில் எல்லாம் தயார். ஆனால் ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களும் வரவில்லை. கட்சித் தலைமை இடையில் பேசியிருந்தது. ஆள் இல்லாததால் தீர்மானம் தோற்றது, மேயர் தொடர்ந்தார்.

ஆறு மாதம் கழித்து, ஜூலை தொடக்கத்தில், அவரே ராஜினாமா செய்தார். அதே நாளில் கோயம்புத்தூரின் தி.மு.க. மேயரும் ராஜினாமா. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நெல்லையில் புது மேயர் வரும்வரை துணை மேயர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5-ம் தேதி தேர்தல். கட்சி அறிவித்த வேட்பாளர் 25-வது வார்டு கவுன்சிலர் ஜி. ராமகிருஷ்ணன், கிட்டு என்றால்தான் பலருக்குத் தெரியும். சைக்கிளிலேயே சுற்றுபவர் என்று பத்திரிகைகளில் அப்போது எழுதினார்கள். போட்டியின்றி முடிந்துவிடும் என்றிருந்த நேரத்தில், அதே தி.மு.க.வைச் சேர்ந்த 6-வது வார்டு கவுன்சிலர் பவுல்ராஜும் மனுப் போட்டார். ஓட்டெடுப்பு நடந்தது. வந்தவர்கள் 54 பேர். ராமகிருஷ்ணனுக்கு 30, பவுல்ராஜுக்கு 23, ஒரு ஓட்டு செல்லாது.

இந்த எண்களைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். எதிர்க்கட்சி ஜெயித்ததே நாலு இடம். அந்த நாலும் பவுல்ராஜுக்கே விழுந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஆளும் கூட்டணியில் ஜெயித்தவர்களில் குறைந்தது 19 பேர் தங்கள் தலைமை சொன்ன பெயருக்குப் போடவில்லை. அந்த 19 பேர் யார் யார்? தெரியாது. ரகசிய ஓட்டு. கட்சிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்கள் வார்டுக் கவுன்சிலர் உங்கள் பெயரில் யாரை மேயராக்க ஓட்டுப் போட்டார் என்பதை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. சொன்னாலும் அது நிஜம்தானா என்று பார்க்க வழியில்லை.

நம் ஓட்டு ரகசியமாக இருப்பது நம் பாதுகாப்புக்கு. நம் பிரதிநிதியின் ஓட்டும் ரகசியமாக இருப்பது யாருடைய பாதுகாப்புக்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் ரகசியமாக இல்லாதிருந்தால் அந்த 23 விழுந்தே இருக்காது என்பதும் வாஸ்தவம்.

கட்சிக்கு எதிரா ஓட்டுப் போட்ட கவுன்சிலருக்குப் பதவி போயிராதா?

போகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். கேரளத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் இல்லை. கட்சி அவரை நீக்கலாம். கவுன்சிலர் நாற்காலி அவருக்குத்தான்.

பிடிக்காத மேயரை மக்கள் இறக்க முடியுமா?

மக்களால் முடியாது. கவுன்சிலர்களால் முடியும், அதுவும் லேசில் முடியாது. தீர்மானம் கொண்டுவர ஐந்தில் மூன்று பங்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். 55-ல் அது 33. நிறைவேற ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 44 ஓட்டு வேண்டும். எனவே 12 பேர் வராமல் இருந்துவிட்டாலே மேயர் தப்பித்துவிடுவார்.

கமிஷனர்தான் எல்லாம் பாக்காரே, மேயருக்கு என்ன வேலை?

பாதி சரி. நிர்வாகம் கமிஷனர் கையில். அவர் அரசு நியமிக்கும் அதிகாரி. பணியாளர்கள், கோப்புகள், வேலைகளை நிறைவேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. மேயர் மாமன்றத்தின் தலைவர். தீர்மானங்கள் அவர் தலைமையில்தான் நிறைவேற வேண்டும். வரவு செலவுத் திட்டம், சொத்து வரி, பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் மாமன்றத்தின் முன் வந்தாக வேண்டும். அங்கியும் தங்கச் சங்கிலியும் செங்கோலும் பார்க்கப் பெரிதாக இருக்கும். அதிகாரம் அந்தச் செங்கோலில் இல்லை, கூட்டத்தை நடத்தவும் நடத்தாமல் விடவும் முடிவதில்தான் இருக்கிறது. கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கிலிருந்து பாதாளச் சாக்கடை வரை எந்தத் தீர்மானமும் நகராது. 2023-ல் நம் ஊரில் அதைத்தான் பார்த்தோம்.

சம்பளம் எவ்வளவு என்றும் சிலர் கேட்கிறார்கள். சம்பளம் இல்லை, மதிப்பூதியம்: 2023 ஜூலையிலிருந்து மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000 ரூபாய்.

எங்க தெரு வாறுகால் (கழிவுநீர் ஓடை) அடைச்சுக் கெடக்கு. மேயர்கிட்ட போகவா, கவுன்சிலர்கிட்ட போகவா?

முதலில் மண்டல அலுவலகம். நம் மாநகராட்சிக்கு நாலு மண்டலம்: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர். மனுவை எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு நகலைக் கவுன்சிலரிடம் கொடுங்கள். அப்புறமும் நடக்கவில்லை என்றால் மேயரைப் பாருங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கள் தெரு வாறுகாலுக்கு நான் எட்டு மாதம் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேயர் டவுன்காரரா இருந்தா பாளைக்கு ஒண்ணும் செய்ய மாட்டார்னு சொல்லுதாங்களே?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனும் தச்சநல்லூரும். இந்தப் பக்கம் பாளையும் மேலப்பாளையமும். 1843-ல் சுலோச்சன முதலியார் பாலம் கட்டித் திறந்தும் மனசில் உள்ள தாமிரபரணியை இன்னும் யாரும் தாண்டவில்லை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மூன்றும் தனித்தனி நகராட்சிகளாக இருந்தவை. அவற்றோடு தச்சநல்லூர் பேரூராட்சியையும் சில ஊராட்சிகளையும் சேர்த்து 1994 ஜூன் 1-ல் மாநகராட்சி ஆக்கினார்கள். பழைய எல்லைப் பேச்சு அதனால்தான் போகமாட்டேன் என்கிறது. சட்டப்படி மேயர் 55 வார்டுக்கும் பொது. மற்றபடி, டவுன்காரர்கள் இதே குறையைப் பாளைக்காரர்கள் மேல் சொல்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பெண்கள் மேயராக இருந்திருக்கிறார்களா?

ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். 1996-ல் முதல் மேயர் உமா மகேஸ்வரி. 2019-ல் அவர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்ட செய்தி இந்த ஊரையே உலுக்கியது. 2001-ல் ஜெயராணி. 2006-ல் ஏ.எல். சுப்பிரமணியன். 2011-ல் விஜிலா சத்யானந்த். 2014-ல் அவர் மாநிலங்களவைக்குப் போனார். அப்போது வந்த இடைத்தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற, அ.தி.மு.க.வின் புவனேஸ்வரி போட்டியின்றி மேயரானார்.

அந்த இடைத்தேர்தல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போடும் முறையில் அறிவிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நேரடித் தேர்தல்தான் நல்லது என்று சொல்பவன் நான். ஆனால் நேரடித் தேர்தல் இருந்தும் ஓட்டுப் போடாமலே மேயர் வந்த ஊர் இது என்பதையும் மறைக்கக் கூடாது.

அடுத்த முறை மேயர் பதவி பொதுவா, பெண்களுக்கா, பட்டியல் இனத்தவருக்கா என்பதை அரசு தேர்தலுக்கு முன் அரசாணையில் அறிவிக்கும். 2022-ல் நெல்லை பொது. சென்னையும் தாம்பரமும் பட்டியல் இனப் பெண்களுக்கு. வார்டுகளில் பாதி பெண்களுக்கு.

கவுன்சிலராக யார் நிற்கலாம்? எவ்வளவு செலவாகும்?

21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிபவர் அந்த வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். மாநகராட்சிக்கு வரி பாக்கி இருந்தால் மனுப் பரிசீலனையில் சிக்கல் வரும். மனுத்தாக்கல் வாரத்தில் வரி வசூல் மையங்களில் கூட்டம் சேர்வது அதனால்தான். 2022-ல் டெபாசிட் 4,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2,000.

செலவுக்கு வரம்பு அப்போது 85,000 ரூபாய். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கணக்கு எழுதும்போது எல்லாரும் அதற்குள்தான் எழுதுகிறார்கள். கவர் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்பதை வாத்தியாராகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை.

எங்க வீடு ஊர் எல்லையில. மாநகராட்சியா ஊராட்சியான்னே தெரியல.

பாளைக்குக் கிழக்கேயும் தெற்கேயும் புதுப்புது நகர்கள் முளைத்தபடி இருக்கின்றன. பெயரில் நகர் இருப்பதால் மாநகராட்சி ஆகிவிடாது. வீட்டுத் தீர்வை ரசீதை எடுத்துப் பாருங்கள். ரசீது மாநகராட்சியுடையது என்றால் நீங்கள் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுவீர்கள். ஊராட்சி ரசீது என்றால் உங்கள் தேர்தல் தனி, தேதியும் தனி, வாக்குச்சீட்டில் முத்திரை குத்த வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

நான் தாம்பரத்துல வேலை பாக்கேன், ஓட்டு நெல்லை பேட்டையில இருக்கு. எங்க போடலாம்?

பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான். இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வது குற்றம். உள்ளாட்சிக்குத் தனியாகப் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பெயர் இருக்கிறதா, விட்டுப்போனதா என்று முதலில் பாருங்கள்.

எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்டால், எங்கே குப்பை போடுகிறீர்களோ அங்கே என்பேன். தாம்பரமும் மாநகராட்சிதான். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் உருவாக்கினார்கள், 70 வார்டு. அங்கேயும் மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். புறநகரில் பத்து வருஷம் குடியிருந்துவிட்டு, கோயில் கொடை பார்க்க வரும் ஊரில் மட்டும் ஓட்டு வைத்திருந்தால், வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும்போது யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

2027-ல் சரியா நடந்துருமா, இல்ல பழையபடி இழுப்பாங்களா?

அரசியல் சாசனப்படி ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிய வேண்டும். ஆனால் முந்தின மாமன்றம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தலை இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஐந்தேகால் வருஷம் தனி அலுவலர் ஆட்சி. கேட்கக் கவுன்சிலரே இல்லை. அதனால் தேதி அறிவிப்பு வரும்வரை நான் எதையும் நம்புவதாக இல்லை.

எங்க வார்டுல நிக்கிறவங்ககிட்ட என்ன கேக்கலாம்?

ரோடு, தண்ணீர், விளக்கு எல்லாரும் கேட்பதுதான். கூட ஒன்றும் கேளுங்கள்: “நீங்க ஜெயிச்சா மேயரா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?”

2022-ல் எங்கள் வீட்டுப் படியேறி வந்த வேட்பாளர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். என்னிடம் படித்த பையன்தான். கொஞ்சம் முழித்தான். “அத மேல இருந்து சொல்லுவாங்க சார், மொதல்ல நம்மள ஜெயிக்க வையுங்க” என்றான். துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். பொய் சொல்லவில்லை, அதற்காகவாவது மார்க் போட வேண்டும். ஓட்டுப் போட்டேனா என்று கேட்காதீர்கள், என்னுடையதும் ரகசிய ஓட்டு.